வாரத்தில் எத்தனை முறை கடைக்குப் போகலாம்?

(2021 மே மாதக் கொரோனா ஊரடங்கின்போது வந்த கேள்வியும் அதற்கு எழுதிய பதிலும்.)

கேள்வி: நான் ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில் இருக்கிறார். மாமனார், மாமியார், கொழுந்தன், இரண்டு பிள்ளைகள் என எங்கள் வீட்டில் மொத்தம் ஏழு பேர். மாமியாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. காலையில் பாலுக்கு ஒருவர், காய்கறிக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், பலசரக்குக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு வெளியே போய் வருகிறோம். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். மீன் இல்லாமல் சோறு இறங்காது என்கிறார் மாமியார். கையில் மொத்தமாகப் பணம் இல்லை, வீட்டில் ஃபிரிட்ஜும் இல்லை. இந்த ஊரடங்கில் வாரத்துக்கு எத்தனை முறை கடைக்குப் போவது சரி? வாங்கி வரும் பொருள்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலசரக்கும் காய்கறியும் வாங்க வாரத்துக்கு ஒரு முறை, வீட்டிலிருந்து ஒரே ஒருவர் போனால் போதும். மீனை வாரத்தில் இரண்டு நாள், கடற்கரை ஏலத்துக்குப் போகாமல் வாசலுக்கு வருகிறவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பாலையும் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம். பணமுடையால் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்க முடியாத வீடுகள் வாரத்துக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு முறை என்பது அரசு விதித்த எண்ணிக்கை கிடையாது. இந்த நோய் பரவும் விதத்தையும் நம் கடற்கரை வீடுகளின் சமையலறையையும் சேர்த்து யோசித்து, சமூக நல மருத்துவர் என்ற முறையில் நான் சொல்வது. காரணம் தெரிந்தால்தான் வீட்டில் உள்ள மற்றவர்களிடம் உங்களால் எடுத்துச் சொல்ல முடியும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இப்போது நடப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு நான்கு பேர் நான்கு இடங்களுக்குப் போய் வந்தால் வாரத்துக்கு 28 முறை உங்கள் வீடு வெளியாருடன் கலக்கிறது. ஒவ்வொருவரும் போவது பத்து நிமிட வேலைக்காகத்தான் என்றாலும், நான்கு பேரும் இரவில் திரும்பி வந்து உறங்குவது உங்கள் மாமியார் உறங்கும் அதே கூரையின் கீழ். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள முதியவர்களுக்கு இந்த நோய் கடுமையாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், அவர் வாசலைத் தாண்டாமல் இருந்தாலும் பாதுகாப்பாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

கிருமி உடலுக்குள் புகுந்த பிறகு காய்ச்சலோ இருமலோ வெளியே தெரிவதற்குச் சராசரியாக 5 அல்லது 6 நாள் ஆகிறது. சிலருக்கு 14 நாள் வரைகூட ஆகலாம். ஆனால் அறிகுறி தோன்றுவதற்கு ஏறக்குறைய 2 நாள் முன்பிருந்தே அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றிக்கொள்ளும். ஒருவர் தினமும் கடைக்குப் போகிறார் என்றால், தனக்கு நோய் வந்திருப்பதே தெரியாத அந்த இரண்டு நாளிலும் கடைக்காரரிடமும் பக்கத்தில் நின்றவர்களிடமும் அதைக் கொடுத்துவிட்டு வருவார். வாரத்துக்கு ஒரு முறை போகிறவரோ, சென்ற வாரம் கடையில் தொற்றியிருந்தால் அடுத்த முறை கிளம்புவதற்குள் பெரும்பாலும் காய்ச்சல் கண்டு வீட்டிலேயே தங்கிவிடுவார். ஏழு நாள் இடைவெளி உங்கள் வீட்டை மட்டும் காப்பாற்றுவதில்லை. நாள் முழுவதும் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்தாக வேண்டிய உங்கள் தெருப் பலசரக்குக் கடைக்காரரையும் காப்பாற்றுகிறது. அறிகுறியே இல்லாமல் நோய் வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதை முழுக் காப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் 28 முறை என்பது இரண்டு மூன்றாகக் குறையும்போது கிடைக்கும் பலன் மிகப் பெரியது.

போகிறவர் ஒருவராகவே இருக்கட்டும் என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான். உங்கள் கணவருக்கோ கொழுந்தனுக்கோ வேறு நோய் எதுவும் இல்லையென்றால் அவர்களில் ஒருவர் இந்த ஊரடங்கு முடியும் வரை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். அப்படி ஏற்றுக்கொள்கிறவர் மாமியாருக்கும் மாமனாருக்கும் அருகில் உட்கார்ந்து சாப்பிடாமல், இயன்றால் திண்ணையிலோ முன்வாசலிலோ படுத்துக்கொள்வது நல்லது. கோடைப் புழுக்கத்தில் நம் ஊர்க்காரர்கள் வெளியில் படுப்பது புதிதல்ல என்பதால் இது முடியாத காரியமில்லை என்று நினைக்கிறேன்.

எத்தனை முறை போகிறோம் என்பதைப் போலவே, எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதும் முக்கியம். இந்தக் கிருமி பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியாகத்தான் பரவுகிறது. முன்பக்கம் முழுவதும் திறந்த பலசரக்குக் கடையின் வாசலில் நின்று பொருளை வாங்கிக்கொள்வதற்கும், கண்ணாடிக் கதவு மூடிய, ஏசி ஓடுகிற கடைக்குள் அரைமணி நேரம் சுற்றி வருவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கடல்காற்று வீசும் திறந்த வெளி நமக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பையும் இழக்கும் ஓர் இடம் மீன் ஏலம். கூடையைச் சுற்றி ஆள் நெருக்கி நிற்கிறார்கள், எல்லோரும் உரக்கக் கூவுகிறார்கள், கூவுவதற்காக முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடுகிறார்கள். உரத்துப் பேசும்போது வாயிலிருந்து வெளிப்படும் நீர்த்திவலைகள் சாதாரணப் பேச்சில் வெளிப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே வீட்டுக் குழம்புக்கு நான்கு மீன் வாங்குவதற்காக ஏலம் நடக்கும் இடத்துக்கு யாரும் போக வேண்டாம்.

இந்த 2021 மே 15 முதல் மளிகை, காய்கறி, இறைச்சி, மீன் கடைகளுக்குக் காலை 6 மணியிலிருந்து 10 மணி வரைதான் அனுமதி என்பதால், நாள் முழுவதும் பரவி வந்த கூட்டம் நான்கு மணி நேரத்துக்குள் நெருக்குகிறது. இந்த நெருக்கடியைத் தவிர்க்கச் சிறந்த வழி, முதல் நாள் மாலையே பட்டியலை எழுதிக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதுதான். அவர் கட்டி வைத்துவிட்டுச் சொன்னதும் போய்ப் பையையும் ரசீதையும் வாங்கிக்கொண்டு திரும்பினால் கடையில் நிற்கும் நேரம் மிகவும் குறைந்துவிடும். கூட்டம் எப்போது குறைகிறது என்பது கடைக்கடைக்கு மாறும். அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முகக்கவசம் மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும். மருத்துவ முகக்கவசத்தின் மேல் துணிக் கவசம் ஒன்றையும் அணிந்தால் ஓரங்களில் காற்றுக் கசிவது குறையும். விலை கேட்பதற்காக அதைக் கீழே இறக்குவது, மழைக்கு எடுத்துப் போன குடையை மழை வந்ததும் மடக்கிக்கொள்வது போன்றது.

ரேஷன் கடைக்குப் போவதையும் இந்த ஒரு முறைக்குள் அடக்கப் பாருங்கள். கொரோனா நிவாரணத்தின் முதல் தவணையான 2,000 ரூபாய் இந்த 2021 மே மாதத்தில் ரேஷன் கடைகளில் டோக்கன் முறையில் வழங்கப்படுகிறது. டோக்கனில் குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு மட்டும் போனால் போதும். விடியற்காலையிலேயே போய் இடம் பிடிக்கத் தேவையில்லை. முன்னுரிமை அட்டைகளுக்கு 2021 மே, ஜூன் மாதங்களில் ஆளுக்கு 5 கிலோ அரிசி கூடுதலாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் அட்டைக்கு அது உண்டா என்று கேட்டுக்கொண்டால், வெளியே வாங்க வேண்டிய அரிசி கணிசமாகக் குறையும். இதைப் படிக்கும் சாயல்குடி, தொண்டிப் பகுதி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: குடிநீர் வண்டிக்காகக் குடத்தோடு நெருக்கி நிற்பதையும் கடைக்குப் போவதாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்க நம் பெண்களுக்குத் தெரியாததல்ல. அதை இப்போது எல்லோரும் செய்தால் போதும்.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்குவது பயத்தில் எழும் இயல்பான யோசனை. ஆனால் அது உங்கள் வீட்டுக்கும் ஊருக்கும் நல்லதல்ல. ஏழு பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ அரிசி என்று கொண்டால் இரண்டு மாதத்துக்கு 120 கிலோ வேண்டும். தடைக்காலத்தில் வருமானமில்லாத வீடு அதற்காகக் கடன் வாங்கினால், பிறகு மாத்திரைக்கும் மருத்துவத்துக்கும் பணம் இருக்காது. நம் கடற்கரையின் ஈரக் காற்றில் அரிசியில் வண்டு விழும், ரவையிலும் மாவிலும் புழு வைக்கும், நிலக்கடலை பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கடலை கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைக் கொண்டிருக்கலாம் என்பதால் அதைப் பொறுக்கி எடுத்துச் சாப்பிடுவதும் கூடாது. இவற்றைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. ராமேசுவரம் தீவுக்கு வரும் சரக்கு லாரிகள் அனைத்துக்கும் 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. சரக்கு வருவதற்குத் தடை இல்லை, வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீடும் இரண்டு மாதச் சாமானை ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டால், அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்கு அரிசி வாங்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் கரைவலை இழுப்பவர்களுக்கும் கடையில் என்ன மிஞ்சும்? மிஞ்சுவதும் விலை ஏறியிருக்கும்.

எனவே அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் போன்ற கெடாத பொருள்கள் மாதத்துக்கு ஒரு முறை வாங்கும் அளவில் இருக்கட்டும். அது நம் வீடுகளில் முன்பே உள்ள வழக்கம்தான். கடை திறக்கும் நேரம் இன்னும் குறையலாம் என்பதாலும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் எல்லோரும் உள்ளேயே இருக்க வேண்டியிருக்கும் என்பதாலும், பத்து நாளைக்குப் போதுமான அரிசியும் பருப்பும் எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அரிசியை நன்றாக உலர்த்தி, மூடி இறுகும் டப்பாவில் போட்டு, உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். பருப்பில் நான்கைந்து காய்ந்த குண்டு மிளகாய் போட்டு வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தையும் விட வேண்டாம். கையில் பணம் இல்லாவிட்டால், பற்று எழுதிக்கொள்ளும் கடையில் வாரச் சாமானுக்கு மொத்தமாகப் பற்று வைத்துக்கொள்ளக் கேளுங்கள். கடைக்காரருக்கும் தினமும் ஐம்பது, நூறு என்று எழுதுவதைவிட அது எளிது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு வாரக் காய்கறி தாங்குமா என்பது நியாயமான ஐயம். எதை வாங்குகிறோம், எந்த வரிசையில் சமைக்கிறோம் என்பதைப் பொறுத்து நிச்சயம் தாங்கும். கீரையை வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய், அவரைக்காய் ஆகியவற்றை அடுத்த இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். தக்காளியை நன்றாகப் பழுத்ததாக வாங்காமல் செங்காயாக வாங்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் பரப்பி வைத்தால் நான்கைந்து நாள் இருக்கும். வாழைக்காயும் முருங்கைக்காயும் வாரத்தின் நடுப்பகுதிக்கு உதவும். கடைசி நாள்களுக்குச் சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வெட்டாத பூசணி ஆகியவற்றை ஒதுக்கிவையுங்கள். காற்றோட்டமான நிழலில் இவை வாரக்கணக்கில் கெடுவதில்லை. வெட்டிய பூசணிக் கீற்றை மட்டும் வாங்க வேண்டாம். சின்ன வெங்காயத்தைச் சாக்கில் மூட்டையாக வைக்காமல் கூடையில் பரப்பி, உருளைக்கிழங்கை அதிலிருந்து தள்ளி இருட்டான இடத்தில் வையுங்கள். காயை வந்தவுடன் கழுவி ஈரத்தோடு வைத்தால் விரைவில் அழுகும் என்பதால் சமைப்பதற்கு முன்பு கழுவினால் போதும். கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் கீரைக்குக் கவலையே இல்லை; முளைகட்டிய பச்சைப்பயறும் ஊறவைத்த மொச்சையும் காய் இல்லாத நாளைச் சமாளிக்கும். கழுவாத நல்ல முட்டை, வெயில் படாத குளிர்ந்த மூலையில் ஒரு வாரம் இருக்கும்.

மீன்தான் உங்கள் வீட்டில் சிக்கலான பொருள் என்று தெரிகிறது. உங்கள் மாமியாரின் விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; வயதானவர்களுக்கு மீன் நல்ல புரதம், கடற்கரையில் பிறந்தவருக்கு அது வாழ்நாள் உணவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகிலும் கரைவலையிலும் கிடைக்கும் மீன் வந்துகொண்டுதான் இருக்கிறது. கூடைக்காரப் பெண்கள் அதைத் தெருவுக்கே கொண்டுவருகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் வாரத்தில் இன்ன இரண்டு நாள் வரும்படி பேசிவைத்துக்கொள்ளுங்கள். வெளியில் போகும் பொறுப்பை ஏற்றவரே முகக்கவசத்தோடு வாசலில் நின்று வாங்கட்டும். விற்கும் பெண்ணும் முகக்கவசம் அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒன்றைக் கொடுங்கள். அவர் ஒரு நாளில் எத்தனையோ வாசல்களுக்குப் போகிறவர். அவருடைய உயிரும் நமக்கு முக்கியம்.

ஒரு நாள் வாங்கிய மீனை நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வெயிலில் கிடந்தாலே அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகத் தொடங்கும். முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலியும் வாந்தியும் வருவது அதனால்தான். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்தப் பொருள் அழியாது. மஞ்சளும் உப்பும் தடவி வைப்பது அன்றைய இரவு வரை உதவலாம்; அதற்கு மேல் நம்ப முடியாது. மீன் இல்லாத நாள்களில் நெத்திலிக் கருவாடு கைகொடுக்கும். ஆனால் உங்கள் மாமியாருக்கு ரத்த அழுத்தம் இருப்பதால், உப்பிடாமல் காயவைத்த நெத்திலியாகப் பார்த்து வாங்குங்கள். உப்புக் கருவாடாக இருந்தால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை கழுவி, குழம்பில் உப்பைக் குறைத்துச் சமையுங்கள். அப்படிச் செய்தாலும் அவருக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு சிறு துண்டு போதும்.

பொருள்களைக் கழுவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்ற ஆண்டு இந்த நோய் புதிதாக வந்தபோது பால் உறையிலிருந்து பருப்புப் பொட்டலம் வரை எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னார்கள். இப்போது, பொருள்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்திருக்கிறது. தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தெரிவித்தது. பையை இறக்கியதும் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். காயையும் பழத்தையும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். சோப்புத் தண்ணீர், டெட்டால், பிளீச்சிங் பவுடர், சானிடைசர் எதையும் உணவுப் பொருளின்மேல் படவிட வேண்டாம். அவை வயிற்றுக்குள் போனால் தீங்கு. அந்த உழைப்பையெல்லாம் முகக்கவசத்திலும் கூட்டத்தைத் தவிர்ப்பதிலும் செலுத்துங்கள்.

தெருவில் ஒருவரையொருவர் நம்பும் மூன்று வீடுகள் சேர்ந்தால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு வாரம் ஒரு வீட்டுக்காரர் மூன்று வீட்டுப் பட்டியலையும் எடுத்துப் போய், பைகளை அவரவர் வாசலில் வைத்துவிட்டு வரலாம். அப்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் ஆள் வெளியே போக வேண்டியிருக்கும். தனியாக இருக்கும் முதியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவர் வீட்டையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரடங்கில் மிகவும் கைவிடப்பட்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

உங்கள் மாமியாரின் சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் எத்தனை நாளைக்கு இருக்கின்றன என்று இன்றே எண்ணிப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குகிறவர் என்றால், அடுத்த முறை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். சீட்டோடு அவருக்குப் பதிலாக உங்கள் கணவர் போகலாம். மாமியாரும் மாமனாரும் இன்னும் தடுப்பூசி போடவில்லையென்றால், எந்தக் கடைக்குப் போவதைவிடவும் அதற்காக வெளியே போவது மேலானது. முதல் ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணிவிடாமல், இரண்டாவது ஊசிக்குக் குறித்த நாளையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்புவலி, மணமோ சுவையோ தெரியாமை என்று எது தோன்றினாலும், பரிசோதனை முடிவு வரும் வரை வீட்டிலிருந்து ஒருவரும் கடைக்குப் போக வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிப் பொருளை வாசலில் வைக்கச் சொல்லுங்கள். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் அழைக்கலாம். மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே காட்டினாலோ, இரவானாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.